அந்தப் பாட்டு யாருக்கு? ரஷ்ய இலக்கியத்தில் பெண்ணைக் காதலித்த பெண்களின் குரல்

1984இல் சோவியத் திரையரங்குகளுக்கு ஒரு படம் வந்தது. எல்தார் ரியஸானவ் இயக்கியது. வரதட்சணை கொடுக்க வழியில்லாத வீட்டில் பிறந்த லரீசா என்ற பெண்ணின் கதை. அஸ்த்ரோவ்ஸ்கி 19ஆம் நூற்றாண்டில் எழுதிய நாடகத்தை வைத்து எடுத்த படம். அதில் லரீசா பாடுவதாக ஒரு பாட்டு வரும். வலெந்தினா பனமர்யோவாவின் குரல், அந்த்ரேய் பெத்ரோவின் இசை. மெத்தென்ற போர்வையின் வருடலில் படுத்துக்கொண்டு ஒருத்தி நேற்றைய கனவைத் திரும்பக் கூப்பிடுகிறாள். நடந்தது என்ன? யாருக்கு வெற்றி, யார் தோற்றது? வேட்டையாடியது யார், இரையானது யார்? பக்கத்தில் ஒரு சைபீரியப் பூனை கர்கர்ரென்று முனகிக்கொண்டே படுத்திருக்கிறது. இத்தனை நேரம் முனகுகிறதே, அதற்கு என்னதான் புரிந்தது என்று அதையும் கேட்டுப் பார்க்கிறாள்.

படம் பார்த்தவர்களுக்கு அது ஓர் ஆணை நினைத்துப் பெண் பாடும் பாட்டு. கதை அப்படித்தான் போகிறது. ஆனால் அந்த வரிகள் படத்துக்காக எழுதப்பட்டவை அல்ல. மரீனா த்ஸ்வெத்தாயெவா 1914 அக்டோபர் 23 என்று தேதியிட்டு எழுதிய கவிதை அது. அப்போது அவருக்கு வயது 22. எழுதியது சோபியா பர்னோக் என்ற 29 வயதுக் கவிஞரை நினைத்து. ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்கு எழுதிய காதல் கவிதையை ஒரு நாடே முணுமுணுத்தது, அது யாருக்கு என்று தெரியாமலே.

எப்படி இது சாத்தியமானது என்று பார்க்க, ரஷ்ய மொழியின் இலக்கணத்துக்குள் கொஞ்சம் போக வேண்டும். நாம் ‘நான் வந்தேன்’ என்றால் சொன்னது ஆணா பெண்ணா என்று தெரியாது. ‘அவள் வந்தாள்’ என்று படர்க்கைக்குப் போனால்தான் தமிழில் பால் தெரியும். ரஷ்ய மொழியில் இறந்தகால வினை ‘நான்’ என்பதிலேயே பாலைக் காட்டிவிடும். ‘காதலித்தேன்’ என்பதை ஆண் சொன்னால் ‘லுபீல்’, பெண் சொன்னால் ‘லுபீலா’. ‘நீ வந்தாய்’ என்பதிலும் அப்படியே. ஆக, காதல் கவிதை எழுதும் ரஷ்யக் கவிஞரால் தான் யார், எதிரில் இருப்பவர் யார் என்பதை எளிதில் மறைக்க முடியாது. ஒரே ஒரு வழி உண்டு. மரியாதைப் பன்மை. நம் ‘நீங்கள்’ போல அவர்களுக்கு ‘வி’ என்ற சொல். அதைச் சொல்லிவிட்டால் வினை பன்மைக்குப் போய்விடும், பால் மறைந்துவிடும். த்ஸ்வெத்தாயெவா அந்தக் கவிதையில் பர்னோக்கை ‘நீங்கள்’ என்றுதான் அழைக்கிறார். பாடுபவள் பெண் என்பது கடைசி வரியில் ‘தோற்றேனோ’ என்ற பெண்பால் சொல்லில் தெரிகிறது. யாரிடம் தோற்றாள் என்பது தெரிவதில்லை. எழுபது வருஷம் கழித்து ஒரு திரைப்படம் அந்த இடைவெளிக்குள் ஓர் ஆணைக் கொண்டுவந்து நிறுத்த முடிந்தது இதனால்தான்.

ஆனால் இது தனிக் கவிதை இல்லை. 17 கவிதைகள் கொண்ட ‘தோழி’ என்ற தொடரின் இரண்டாவது கவிதை. தொடரை முதலிலிருந்து படித்தால் எந்தச் சந்தேகமும் மிஞ்சாது. முதல் கவிதையிலேயே எதிரில் இருப்பவரை ஷேக்ஸ்பியரின் சோக நாடகங்களில் வரும் நாயகிகளோடு ஒப்பிடுகிறார். உங்களை ஏன் காதலிக்கிறேன் என்று காரணங்களை அடுக்கிக்கொண்டே வந்து, கடைசிக் காரணமாக ‘நீங்கள் அவன் அல்ல என்பதற்காக’ என்று முடிக்கிறார். ஒளிவுமறைவு கவிதையில் இல்லை. பின்னால் அதை வைத்திருந்த அலமாரிகளில்தான் இருந்தது.

தமிழில் ரஷ்ய இலக்கியம் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பக்கம் புதிதாகத்தான் இருக்கும். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் அனுப்பிய கெட்டி அட்டைப் புத்தகங்கள் வழியாக நமக்கு டால்ஸ்டாயும் செகாவும் கார்க்கியும் வந்து சேர்ந்தார்கள். அதற்கு நான் என்றும் நன்றியோடு இருப்பேன். பர்னோக்கின் பெயரை அந்த அலமாரிகளில் நான் பார்த்ததில்லை. மாஸ்கோவிலேயே அந்தக் காலத்தில் அவரைப் பதிப்பிக்கவில்லை, நமக்கு எப்படி வரும்?

சரி, இந்தக் காதல் ரஷ்ய எழுத்தில் எப்போது முதலில் தென்படுகிறது?

டால்ஸ்டாயிடமே ஒரு பொறி இருக்கிறது. ‘அன்னா கரீனினா’வின் தொடக்கத்தில் 18 வயது கிட்டி, அன்னாவைப் பார்த்த மாத்திரத்தில் அவளிடம் மனதைப் பறிகொடுக்கிறாள். கல்யாணமான, வயதில் மூத்த பெண்கள் மீது இளம்பெண்கள் காதல் கொள்வது போல அவளும் காதல் கொண்டாள் என்று டால்ஸ்டாய் வெளிப்படையாகவே எழுதுகிறார். நடன விருந்துக்கு அன்னா வெளிர் ஊதா உடையில்தான் வர வேண்டும் என்று கிட்டி மனதுக்குள் முடிவு செய்து வைத்திருக்கிறாள். அன்னா கறுப்பு வெல்வெட்டில் வருகிறாள். அந்த நிமிஷத்தில்தான் அவளுடைய அழகைத் தான் சரியாகப் புரிந்துகொள்ளவே இல்லை என்று கிட்டிக்குத் தெரிகிறது. ஒரு பெண்ணின் கண் இன்னொரு பெண்ணின் உடையிலும் கழுத்திலும் சுருள் முடியிலும் இப்படித் தங்கி நிற்பதை டால்ஸ்டாய் பார்த்திருக்கிறார், தயங்காமல் எழுதவும் செய்திருக்கிறார். ஆனால் அவருக்கு இது பருவத்தில் வந்து போகும் காய்ச்சல். அடுத்த சில பக்கங்களில், கிட்டி மனதில் வைத்திருந்த விரோன்ஸ்கியின் மனதை அன்னா கவர்ந்துவிடுகிறாள், கிட்டியின் அந்த ஆசை அத்தோடு முடிந்துவிடுகிறது.

அந்தக் காலச் சட்டத்துக்கு இந்தக் காதல் கண்ணில் படவே இல்லை. 1832இல் தொகுத்த ரஷ்யச் சட்டம் ஆணோடு ஆண் உறவைக் குற்றமாக்கியது. பெண்களைப் பற்றி அதில் பேச்சே கிடையாது. சட்டம் பேசாத இடத்தில் மருத்துவம் பேசத் தொடங்கியது. 1895இல் பீட்டர்ஸ்பர்க்கில் இப்பலித் தர்னோவ்ஸ்கி என்ற மருத்துவர் பெண்களின் ‘பாலுணர்வுத் திரிபு’ பற்றித் தனி நூலே வெளியிட்டார். இலக்கியம் வாய் திறக்கும் முன்பே மருத்துவம் இதை நோயாளிகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. பின்னால் வந்த நாவல்களில் இந்தப் பெண்கள் ஏன் எப்போதும் விளக்கம் தேவைப்படும் புதிராகவே வருகிறார்கள் என்பதற்கு இது ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கவிதையில் வேறொரு வழி இருந்தது. பெண் கவிஞர் ஆண்பால் ‘நான்’ஐ எடுத்துக்கொள்வது. தத்துவ அறிஞர் விளதீமிர் சலவியோவின் தங்கை பலிக்ஸேனா சலவியோவா ‘அல்லேக்ரோ’ என்ற புனைபெயரில் இப்படி ஆண்பாலில் எழுதினார். தன் துணையான நதாலியா மனாசெயினாவோடு சேர்ந்து 1906 முதல் 1912 வரை ‘சிறுபாதை’ என்ற குழந்தைகள் இதழை நடத்தினார். கவிஞர் ஸினயீதா கிப்பியஸும் கவிதைகளில் பெரும்பாலும் ஆண்பாலில்தான் பேசினார். கவிஞர் என்றால் ஆண் என்பது அன்றைய வழக்கம். ஆகவே யாரும் புருவம் உயர்த்தவில்லை. ஆண்பால் வினையில் ஒரு பெண்ணைப் பார்த்து ‘உன்னைக் காதலித்தேன்’ என்றால், எழுதியவர் யாராக இருந்தாலும் இலக்கணப்படி குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வழியில் போனால் பெண் என்ற குரலை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

கதவைத் திறந்தது 1905 புரட்சி. ஜார் மன்னர் அக்டோபரில் விட்டுக்கொடுத்த பிறகு, அச்சுக்கு முன்பே தணிக்கையாளரிடம் காட்டி ஒப்புதல் வாங்கும் முறை நீங்கியது. இனிமேல் புத்தகம் வெளிவந்த பிறகுதான் அரசு அதைப் பறிமுதல் செய்ய முடியும். சின்ன மாற்றம்தான், ஆனால் அந்த இடைவெளிக்குள் நிறைய நுழைந்தது. 1906 நவம்பரில் மிகயில் குஸ்மினின் ‘சிறகுகள்’ குறுநாவல் வந்தது. ஆண்கள் இடையிலான காதலை எந்த மன்னிப்பும் கேட்காமல் சொன்ன கதை. அடுத்த வருஷம் பெண்கள் பக்கம் வந்தது. லிதியா ஸினவியேவா-அன்னிபால் எழுதிய குறுநாவல், ‘முப்பத்து மூன்று விகாரங்கள்’.

லிதியா யார் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். 1866இல் பிறந்தவர். கவிஞர் வியச்செஸ்லாவ் இவானவின் மனைவி. பீட்டர்ஸ்பர்க்கின் தவ்ரீச்செஸ்கயா தெருவில், பூங்காவைப் பார்த்தபடி ஓரத்தில் வட்டமாக எழும்பிய கட்டடத்தின் மேல்மாடியில் இருவரும் குடியிருந்தார்கள். நகரமே அந்த வீட்டைக் ‘கோபுரம்’ என்றது. 1905 இலையுதிர் காலத்திலிருந்து புதன்கிழமை இரவுகளில் கவிஞர்கள், ஓவியர்கள், தத்துவக்காரர்கள் எல்லாரும் அங்கே கூடி விடிய விடியப் பேசினார்கள். லிதியா கிரேக்கப் பாணியில் தளர்ந்த அங்கிகள் உடுத்தி நடுவில் இருப்பார். பிளேட்டோவின் நூலில் சாக்ரடீஸுக்குக் காதலின் இலக்கணம் சொன்ன தியோத்திமாவின் பெயரால் அவரை அழைத்தார்கள். கணவன் மனைவி இருவருக்கும் ஒரு கனவு இருந்தது: இருவருக்குள் அடைபட்ட காதல் சுயநலம், மூன்றாவது ஆளுக்கும் அது திறக்க வேண்டும். அதை வாழ்ந்து பார்க்கவும் முயன்றார்கள். முதலில் செர்கேய் கரதேத்ஸ்கி என்ற இளங்கவிஞரோடு, பிறகு மர்கரீதா சபாஷ்னிகவா என்ற ஓவியரோடு. இரண்டும் எல்லாரையும் காயப்படுத்தி முடிந்தன.

குறுநாவல் ஒரு நாட்குறிப்பு. எழுதும் பெண்ணுக்குப் பெயர் இல்லை. மேடை நடிகை வேரா அவளைக் கல்யாணத்தின் விளிம்பிலிருந்து இழுத்துத் தன்னோடு கூட்டிவந்திருக்கிறாள். அவளுடைய அழகை வேரா வணங்குகிறாள். ஆனால் அந்த வணக்கத்துக்குள் ஒரு பயம் நாள்தோறும் வளர்கிறது. அழகு மாறும், பெண்ணும் மாறுவாள், எதுவும் நிற்காது. அந்த அழகைத் தனக்கு மட்டும் வைத்துக்கொள்வதும் பாவம் என்று தோன்ற, 33 ஓவியர்களுக்கு முன்னால் அவளைக் கொண்டுபோய் நிறுத்துகிறாள். ஒவ்வொருவரும் வரையட்டும், அழகு உலகத்துக்கு மிஞ்சட்டும் என்று.

படங்கள் தயாராகின்றன. இருவரும் போய்ப் பார்க்கிறார்கள். எந்தப் படத்திலும் அவள் இல்லை. ஒவ்வொரு ஓவியனும் தன் ஆசைநாயகியைத்தான் வரைந்திருக்கிறான். வேராவின் கண்ணில் மட்டும் இருந்த அந்தப் பெண்ணை எவனும் பார்க்கவில்லை. 33 சட்டங்களுக்குள் 33 விகாரங்கள். இதில் பயங்கரம் என்னவென்றால், அந்தப் பெண் மெல்ல மெல்ல அந்தப் படங்களை நம்பத் தொடங்குகிறாள். ஒருவேளை நான் இதுதானோ? வேரா பார்த்த நான் யார்? நாட்குறிப்பின் வாக்கியங்கள் குட்டையாகிக்கொண்டே போகின்றன, மூச்சு வாங்குகிறது. கடைசியில் வேரா விஷம் குடித்துச் செத்துப்போகிறாள்.

தணிக்கை அதிகாரிகள் புத்தகத்தைப் பறிமுதல் செய்தார்கள், பின்னர் தடை நீங்கி 1907லேயே விற்பனைக்கு வந்தது. ஆபாசம் என்று தேடி வாங்கியவர்கள் ஏமாந்திருப்பார்கள். படுக்கையைவிட இதில் கண்ணாடியும் ஓவியச் சட்டமும்தான் அதிகம். ஒரு பெண்ணை யார் பார்க்கிறார்கள், யார் பார்வையில் அவள் அவளாக இருக்கிறாள் என்ற கேள்வியை 1907லேயே இவ்வளவு கூர்மையாகக் கேட்ட கதை வேறு எனக்குத் தெரியவில்லை. அதே சமயம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இந்தக் கதையில் காதல் அவ்வளவு புனிதமாக இருக்கிறது, அதனால் அதற்கு ஒரு வீடு கிடைப்பதில்லை. சமையலறை இல்லை, சளிக் காய்ச்சல் இல்லை, மறுநாள் காலை இல்லை. திரைச்சீலை போட்ட அறையில் தொடங்கி விஷத்தில் முடிகிறது. லிதியாவும் அதே வருஷம் அக்டோபரில் இறந்துபோனார். மகிலியோவ் மாகாணத்தின் ஸகோரியே கிராமத்தில் கோடையைக் கழிக்கப் போனவர், அங்கே பரவிய ஸ்கார்லெட் காய்ச்சலில் கிராமத்துக்காரர்களுக்கு உதவப் போய், தானும் தொற்றுக்கு ஆளானார். வயது 41.

1910இல் எவ்தக்கியா நக்ரோத்ஸ்கயாவின் ‘தியோனிசஸின் கோபம்’ விற்றுத் தள்ளியது, பதிப்பு மேல் பதிப்பு கண்டது. அதன் நாயகி ஓவியர். பெண்மை கலந்த ஓர் ஆணைக் காதலிக்கிறாள். அவளுடைய நண்பர் ஒருவர் அவளை உட்காரவைத்து, நீ உள்ளுக்குள் ஓர் ஆண், உண்மையில் நீ பெண்களைத்தான் காதலித்திருக்க வேண்டும் என்று விளக்குகிறார். எல்லாருக்குள்ளும் ஆணும் பெண்ணும் கலந்தே இருக்கிறார்கள் என்று சொன்ன ஆஸ்திரியத் தத்துவக்காரர் ஓட்டோ வைனிங்கரை அப்போது ரஷ்யாவில் எல்லாரும் படித்துக்கொண்டிருந்தார்கள்; அவருடைய கோட்பாடு அப்படியே நாவலுக்குள் வந்துவிட்டது. காதலைவிட விளக்கம் நீளமாக இருக்கிறது. இதற்கு மேல் அதில் நிற்கத் தேவையில்லை.

ஆக, இதுவரை வந்த பெண்கள் ஒன்று செத்தார்கள், அல்லது விளக்கப்பட்டார்கள். இந்த இரண்டும் இல்லாமல் ஒரு பெண் நேராக நின்று ‘நான் இவளைக் காதலிக்கிறேன்’ என்று பெண்பால் வினையில் சொன்னது 1914இல்தான்.

அந்த அக்டோபரில் மாஸ்கோவில் கவிஞர் அதெலாயீதா கெர்ஸிக்கின் வீட்டில் இருவரும் சந்தித்தார்கள். அந்த மாலையை மூன்று மாதம் கழித்து 1915 ஜனவரியில் த்ஸ்வெத்தாயெவா ஒரு கவிதையில் மீண்டும் அடுக்கி வைக்கிறார். தேநீர் வாசமும் ‘வைட் ரோஸ்’ அத்தரும் கலந்த அறை. கணப்புக்கு மேலே பீங்கான் பொம்மைகள். அவர் லேசான பொன்னிறத்தில் ஆடம்பரமான கவுன் போட்டிருக்கிறார். பர்னோக் சிறகு மாதிரி விரிந்த காலர் வைத்துப் பின்னிய கறுப்புச் சட்டையில் வருகிறார். சிகரெட் எடுக்கிறார். இவர் தீக்குச்சி உரசி நீட்டுகிறார். நீல ஜாடிக்கு மேலே இரண்டு கோப்பைகள் மோதி ஒலிக்கின்றன. பர்னோக் தன் கறுப்புத் தோல் பையிலிருந்து கைக்குட்டையை நிதானமாக எடுத்து, கீழே நழுவ விடுகிறார். செம்பழுப்புக் கூந்தல் தலைக்கவசம் போலக் கனத்து நிற்க, அதன் கீழே ஆளப் பிறந்த நெற்றி. பெண்ணும் இல்லை, பையனும் இல்லை, என்னைவிட வலுவான ஏதோ ஒன்று என்கிறார் இவர். கோட்பாடு ஒன்றும் இல்லை, வெறும் பார்வை. லிதியாவின் கதையில் 33 ஓவியர்களாலும் முடியாததை, ஒரு பெண்ணை அவள் இருந்தபடியே பார்ப்பதை, இந்தக் கவிதை ஒரு கைக்குட்டையை வைத்துச் செய்துவிடுகிறது.

த்ஸ்வெத்தாயெவாவுக்கு அப்போது கல்யாணமாகி இரண்டரை வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கணவர் செர்கேய் எஃப்ரோன். மகள் அரியாத்னாவுக்கு வயது இரண்டு. யாருக்கும் தெரியாமல் எதையும் செய்யும் குணம் அவருக்கு இல்லை. டிசம்பரில் இருவரும் ரஸ்தோவ் வெலீக்கி என்ற பழைய நகரத்துக்குப் போனார்கள். அந்தப் பயணத்துக்கும் ஒரு கவிதை இருக்கிறது. இருவருடைய மென்மயிர்க் கோட்டுகளிலும், ஒன்று சாம்பல் நிறம், இன்னொன்று சேபிள், பனித்துளிகள் மின்னுகின்றன. கிறிஸ்துமஸ் சந்தையில் பளிச்சென்ற ரிப்பன் தேடி அலைகிறார்கள். இளஞ்சிவப்பு நிறத்தில், தித்திப்பே இல்லாத வேஃபர்கள், ஆறு தின்றுவிட்டேன் என்கிறார். வண்டியில் கட்டிய செந்நிறக் குதிரை ஒவ்வொன்றைப் பார்த்தும் உங்களை நினைத்து உருகினேன் என்கிறார். இரவு தங்கியது மடத்துக்குச் சொந்தமான விடுதியில், மணியோசையும் அந்தி வெளிச்சமும் சூழ. ஆறு வேஃபர் என்ற அந்தக் கணக்கை நான் ரொம்ப நேசிக்கிறேன். வேராவுக்கும் பெயரில்லாத அந்தப் பெண்ணுக்கும் கிடைக்காதது இதுதான்: ஒரு சந்தை நாள்.

1916 பிப்ரவரியில் எல்லாம் முடிந்தது. பர்னோக்கின் பக்கத்தில் லுத்மீலா எரார்ஸ்கயா என்ற நடிகை வந்திருந்தார். த்ஸ்வெத்தாயெவாவுக்கு அது ஆறாத காயம். ‘தோழி’ தொடரை அவர் உயிரோடு இருந்தபோது அச்சில் கொண்டுவரவில்லை. ஒரு கட்டத்தில் அதற்குப் ‘பிழை’ என்று தலைப்பும் வைத்திருந்தார். புலம்பெயர்ந்து பிரான்சில் இருந்தபோது 1932இல் பிரெஞ்சு மொழியில் ‘அமேசானுக்கு ஒரு கடிதம்’ எழுதினார், 1934இல் திருத்தினார். பாரிசில் இருந்த அமெரிக்க எழுத்தாளர் நட்டாலி பார்னிக்கு எழுதிய பதில் அது. பெண்ணுக்குப் பெண் மேல் வரும் காதல் முழுமையானது, அதில் குறை எதுவும் இல்லை, ஒன்றைத் தவிர: குழந்தை கிடையாது. அந்த ஒரு ஏக்கம்தான் இளையவளை ஒருநாள் கிளம்பிப் போகவைக்கும் என்று வாதிடுகிறார். சமூகத்தின் ஏச்சையும் மதத்தின் கண்டனத்தையும் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாமல் ஒதுக்கிவிட்டு, இயற்கை என்ற ஒற்றை வாதத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறார். எழுத்தாக அது அற்புதம். ஆனால் அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தன் ஒரு காயத்தை எடுத்து எல்லாப் பெண்களுக்கும் விதியாக எழுதிவிட்டார். பர்னோக்கின் வாழ்க்கையே அதற்கு மறுப்பு.

பர்னோக் 1885இல் தகன்ரோக்கில் பிறந்தார், செகாவ் பிறந்த அதே ஊர். யூதக் குடும்பம், அப்பா மருந்துக்கடை வைத்திருந்தார். அம்மா மருத்துவர், இரட்டைப் பிள்ளைகளைப் பெற்ற பின் இறந்துவிட்டார். அந்த இரட்டையரில் வலெந்தீன் 1922இல் சோவியத் நாட்டின் முதல் ஜாஸ் குழுவைத் தொடங்கினார், எலிஸவேத்தா குழந்தைகளுக்கான எழுத்தாளர் ஆனார். சோபியா 1907இல் ஒரு நாடகாசிரியரைக் கல்யாணம் செய்து 1909இல் பிரிந்தார். அதற்குப் பிறகு அவர் வாழ்க்கையில் பெண்கள்தான். அந்த்ரேய் பல்யானின் என்ற ஆண் பெயரில் விமர்சனக் கட்டுரைகள் எழுதினார். கவிதைக்குத் தன் பெயரையே வைத்துக்கொண்டார். கவிதையில் அவருடைய ‘நான்’ பெண்பால், ‘நீ’யும் பெண்பால்.

இதற்கு அவர் ஆதாரம் தேடியது கிரேக்கக் கவிஞர் சாஃப்போவிடம். அதற்கு முந்தைய ரஷ்யக் கவிஞர்களுக்கும் சாஃப்போ தெரியும்தான். அவர்களுக்குத் தெரிந்தது ஃபாவோன் என்ற ஆணுக்காகப் பாறையிலிருந்து கடலில் குதித்த பெண், அதாவது பின்னால் கட்டிய கதை. 1914இல் சாஃப்போவின் பாடல்களும் துண்டு வரிகளும் புது ரஷ்ய மொழிபெயர்ப்பில் வந்தன. மொழிபெயர்த்தவர் வேறு யாருமில்லை, ‘கோபுரத்து’ வியச்செஸ்லாவ் இவானவ், லிதியாவின் கணவர். அதில் சாஃப்போ பெண்களைப் பார்த்துத்தான் பாடுகிறார். அவருடைய ஒற்றை வரி அம்பு போலத் தன்னைத் துளைத்தது என்று 1915இல் பர்னோக் ஒரு கவிதையில் எழுதினார், த்ஸ்வெத்தாயெவாவை நினைத்து.

1922இல் வந்த தொகுப்புக்கு ‘பியேரியாவின் ரோஜாக்கள்’ என்று பேர் வைத்தார். அதுவும் சாஃப்போதான். பியேரியா கலைத்தேவதைகளின் ஊர். அங்கே பூக்கும் ரோஜாக்களில் பங்கில்லாதவள் செத்தபின் அவளை எவரும் நினைக்கமாட்டார்கள் என்று ஒரு பெண்ணைப் பார்த்து சாஃப்போ சொல்கிற வரி. தன்னை நினைப்பார்களா என்ற கேள்வி பர்னோக்குக்கு அப்போதே இருந்திருக்கிறது.

இருக்க வேண்டிய நிலைமைதான். அந்த 1922லேயே சோவியத் தணிக்கை அமைப்பு ‘கிளாவ்லித்’ உருவாகிவிட்டது. புதிய தண்டனைச் சட்டத்தில் ஆண்களின் உறவு குற்றப் பட்டியலிலிருந்து விடுபட்டிருந்தது. பெண்களின் உறவு எப்போதும் போலவே கணக்கில் இல்லை. ஆனால் பதிப்பு உலகம் சுருங்கிக்கொண்டே வந்தது. அவருடைய கவிதைகளில் கடவுளும் ஆன்மாவும் வருவதே போதிய குற்றமாக இருந்தது. 1928இல் வந்த கடைசித் தொகுப்பின் பெயர் ‘அடங்கிய குரலில்’. அச்சிட்டது 200 பிரதிகள். அதற்குப் பிறகு அவர் உயிரோடு இருந்தவரை ஒரு கவிதை நூல்கூட வரவில்லை. பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்த்துப் பிழைத்தார். ஸ்பெந்தியாரவின் ‘அல்மாஸ்த்’ ஆபெராவுக்கு அவர் எழுதிக் கொடுத்த பாடல் நாடகம் 1930இல் பல்ஷோய் அரங்கில் மேடையேறியது. மேடையில் அவர் சொற்கள், கடையில் அவர் புத்தகம் இல்லை.

அந்த வருஷங்களில் அவரோடு வாழ்ந்தவர் ஓல்கா த்ஸுபெர்பில்லெர், கணிதப் பேராசிரியர். அவர் தொகுத்த பகுமுறை வடிவியல் கணக்குப் புத்தகம் பதிப்பு மேல் பதிப்பாக வந்து சோவியத் நாட்டுப் பொறியியல் மாணவர்கள் எல்லாருடைய கையிலும் இருந்தது. ஒரே வீட்டில் இரண்டு புத்தகங்கள். ஒன்று நாடு முழுக்க, இன்னொன்று 200 பிரதி. த்ஸுபெர்பில்லெர்தான் நோயாளியான பர்னோக்கைக் கடைசிவரை பார்த்துக்கொண்டார். தைராய்டு கோளாறும் இதயமும் அவரை வாட்டிக்கொண்டிருந்தன. 1933 ஆகஸ்ட் 26 அன்று மாஸ்கோவுக்குப் பக்கத்தில் கரீன்ஸ்கயே கிராமத்தில் இறந்தார், 48 வயதில். அடுத்த மார்ச்சில் ஆண்களின் உறவு மீண்டும் குற்றமாயிற்று. பெண்களைப் பற்றிச் சட்டம் அப்போதும் பேசவில்லை. அவர்களைப் பற்றி இலக்கியமும் பேசாமல் இருந்துவிட்டது.

அந்த மௌனத்தை உடைத்தவர் சோபியா பல்யாகவா, லெனின்கிராடில் இருந்த செவ்வியல் மொழி அறிஞர். பைசாந்தியக் கிரேக்க உரைநடைதான் அவர் துறை. பர்னோக்கின் கவிதைகளை அவர் திரட்டினார். சொந்த நாட்டில் அச்சிட வழியில்லை. 1979இல் அமெரிக்காவின் மிச்சிகனில் இருந்த ‘ஆர்திஸ்’ பதிப்பகம் அதை வெளியிட்டது. ‘தோழி’ யாருக்கு எழுதப்பட்டது என்று ஆதாரத்தோடு எழுதிய அவருடைய இன்னொரு நூல் 1983இல் அதே பதிப்பகத்தில் வந்தது. அதற்கு அடுத்த வருஷம்தான் மாஸ்கோவில் லரீசா அந்தப் பாட்டைப் பாடினாள்.

சோவியத் வீழ்ந்த பின் இந்த எழுத்துக்கள் எல்லாம் ரஷ்யாவிலேயே அச்சாயின. ஆனால் 2013இல் ‘மரபுசாராப் பாலுறவுப் பிரசாரம்’ சிறுவர்களிடம் போகக் கூடாது என்று ஒரு சட்டம் வந்தது. 2022 டிசம்பரில் அது எல்லா வயதினருக்குமாக விரிந்தது. 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ‘சர்வதேச எல்ஜிபிடி இயக்கம்’ என்ற ஒன்றையே தீவிரவாதம் என்று அறிவித்துவிட்டது. 1832இலும் 1934இலும் பெண்களைக் கண்டுகொள்ளாத சட்டம் இப்போது அவர்களையும் சேர்த்தே பார்க்கிறது. இந்தக் கவிதைகளைப் பற்றி இன்று ரஷ்யாவில் ஒருவர் எழுத உட்கார்ந்தால், ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு முறை யோசித்துத்தான் எழுத வேண்டும்.

பர்னோக்கின் கடைசிக் காதலைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. 1932இல் நீனா வெதெனேயெவா என்ற இயற்பியலாளர் அவர் வாழ்வில் வந்தார். படிகங்களை ஆராய்ந்தவர், பர்னோக்கைவிட மூன்று வயது மூத்தவர், தலை நரைத்தவர். முதலாவது ஐந்தாண்டுத் திட்டத்தின் கடைசி வருஷம் அது. எங்கே திரும்பினாலும் உற்பத்தி இலக்கு, நிதித் திட்டம், அதை அதிகாரிகள் சுருக்கிச் சொல்லும் ‘ப்ரோம்ஃபின்ப்ளான்’ என்ற சொல். தொழிற்சாலைச் சுவரில் எழுதிப் போட்ட அந்தச் சொல்லை பர்னோக் காதல் கவிதைக்குள் கொண்டுவருகிறார். கையைக் கொடு, நம் பாவச் சொர்க்கத்துக்குப் போவோம் என்று தொடங்குகிறார். வானுலகத்தின் ப்ரோம்ஃபின்ப்ளானையும் மீறி, நமக்காக நடுக் குளிர்காலத்தில் மே மாதம் திரும்பி வந்திருக்கிறது என்கிறார். பசும்புல்வெளி பூக்கிறது, ஆப்பிள் மரம் தலைக்கு மேலே மணக்கும் விசிறிகளாகச் சாய்கிறது. ஒரு வருஷம் மூப்பாகிவிட்டோம், ஆகட்டுமே, பழைய மதுவுக்கும் ஒரு வயது கூடியிருக்கிறது என்கிறார்.

இந்தக் கவிதையில் யாரும் விஷம் குடிக்கவில்லை. யாரும் யாரையும் ஆராயவில்லை. கடைசி வரியில் வெதெனேயெவாவை ‘என் காதலே, நரைத்த ஏவாளே’ என்று அழைத்து, ரஷ்யர்கள் தெருவில் பார்த்தால் தினமும் சொல்லிக்கொள்ளும் வணக்கத்தைச் சொல்கிறார். அந்தச் சொல்லுக்கு நேர்ப் பொருள் ‘நல்லா இரு’.